எருக்குழியில் ஊற்றிய கஞ்சி

பழைய மாணவர் மலருக்கு நினைவுக் குறிப்பு கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு பக்கம், பள்ளிக்கூட நாட்களைப் பற்றி, "சந்தோசமா, கலகலப்பா இருக்கணும்" என்று நம் கைபேசிக் குழுவில் மண்டிக்காரர் குரல்பதிவு போட்டிருந்தார். நம்மோடு எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு இப்போது கோவில்பட்டியில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். பழைய மாணவர்கள் கூடுகிற மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவர்தான் ஏற்பாடு. மன்னித்துக்கொள்ளுங்கள், என்னிடம் இருப்பது கலகலப்பான நினைவு இல்லை. இரண்டு பக்கத்தில் அடங்கவும் அடங்காது. மலரில் போட மனசிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மண்டபத்தில் நானே எழுந்து நின்று வாசிப்பேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வயது அறுபத்தேழு ஆகிறது, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை தின்கிறேன், கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் போன மாதம் குழுவில் நம் எட்டாம் வகுப்புப் படத்தை ஒருவர் போட்டீர்கள். கடைசி வரிசையில் ஓரமாக, ரெட்டைச் சடையை வாழை நாரால் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். "இது யாரு?" என்று ஒருவர் கேட்டார். மண்டிக்காரர் உடனே பதில் போட்டார்: "தள்ளாடி கீதாரி மக. அப்பனும் மகளும் கள்ளக் குடிச்சுட்டு பள்ளிக்கூடத்துல வந்து ஆடுனாவளே, மறந்துட்டீங்களா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையையே மூன்று முறை போட்டிருந்தார்.

ஐம்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். இன்னும் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கதை பொய். கீதாரியைத் தவிர, பொய் என்று அன்றைக்கே தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி என் அம்மா, இன்னொருத்தி நான்.

கீதாரி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். செம்மறி மந்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போடுகிறவர். நம் ஊர்க் கரிசலில் அறுவடை முடிந்ததும் புஞ்சை வெறுமையாகக் கிடக்கும். அந்தப் புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் தேறும். அதற்குக் கூலியாகப் புஞ்சைக்காரர் வீட்டிலிருந்து கீதாரிக்குத் தானியம் அளக்க வேண்டும். அந்தத் தானியத்தில்தான் அவர்களுக்குக் கஞ்சி. எங்கள் வீடு ஊரில் பெரிய புஞ்சைக்காரர் வீடு. அதனால் மாசி, பங்குனியில் எங்கள் வாசலில்தான் கீதாரி மகள் பொழுது சாய ஓலைக் கடகத்தோடு வந்து நிற்பாள்.

அவளுக்குத் தாய் இல்லை. அவளும் அவள் அய்யாவும்தான். புஞ்சையில் ஓலைக் குடிசை, வாசலில் மூன்று கல் வைத்த அடுப்பு. விடியுமுன் அவள் தானியத்தைக் குத்திப் புடைத்துக் கொடுப்பாள். கீதாரி காய்ச்சி, ஆட்டுத்தயிரை ஊற்றிக் கரைத்து, தூக்குவாளியில் விட்டு, மூடி நழுவாமல் இருக்க ஒரு துண்டுக் கயிற்றால் சுற்றிக் கட்டிக் கொடுத்தனுப்புவார். ஆடு மேய்க்கிறவர்கள் யாரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத காலம் அது. கிடை பக்கத்து ஊருக்கு மாறினாலும் அங்கிருந்து நடந்தே வருவாள். "எம் புள்ள எட்டு முடிச்சு கோயில்பட்டி பெரிய பள்ளிக்கொடத்துக்குப் போவா" என்று கீதாரி கண்டவரிடம் எல்லாம் சொல்வார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கணக்கில் அவளை அடிக்க நம் வகுப்பில் ஆள் இல்லை. விடுதியில் ஓர் இடம் வாங்கித் தருகிறேன் என்று பெரிய வாத்தியாரே வாக்குக் கொடுத்திருந்தார். நான் சொல்ல வருவது நடந்த பங்குனியில் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நாங்கள் இருவரும் மதியச் சாப்பாட்டை மாற்றிக்கொள்வோம். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குப் பின்னால் உடைமரத்து நிழல். அங்கே என் அடுக்குச்சட்டியையும் அவள் தூக்குவாளியையும் நடுவில் வைத்துக்கொள்வோம். என்னுடையது குதிரைவாலிச் சோறும் பருப்பும், மேலே ஒரு கரண்டி நெய். அவளுடையது வரகுக் கஞ்சி, சில நாள் சோளக் கஞ்சி, கடித்துக்கொள்ள ஈருள்ளி வெங்காயமும் உப்பில் போட்ட மிளகாயும். அந்த ஆட்டுத்தயிரின் புளிப்பு இருக்கிறதே, பசுந்தயிருக்கு அது வராது. கொஞ்சம் வீச்சமாக இருக்கும், முதல் வாய்க்கு மூக்கைச் சுளிக்கத் தோன்றும், இரண்டாவது வாய்க்கு வாளியையே பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். வாளி மூடியில் ஊற்றி மாறி மாறிக் குடிப்போம்.

"ஏட்டி, நெய்யெல்லாம் நீயே நக்கிட்டு எனக்கு வெறுஞ்சோத்த தள்ளுதியே" என்பாள்.

"நீ மட்டும் தயிர ஒம் பக்கமே சாய்க்கியே" என்பேன்.

ஆள் இல்லாத இடத்தில்தான் இந்த ஏட்டி எல்லாம். எங்கள் வாசலுக்கு வந்தால் என்னை "வாங்க, போங்க" என்பாள். எனக்கு அப்போது அது ஒரு விளையாட்டாக இருந்தது. அவளுக்கு விளையாட்டாக இருந்திருக்காது என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

நாங்கள் மாற்றித் தின்பது அம்மாவுக்குத் தெரியும். என் வாயில் ஆட்டுத்தயிர் வாடை அடிக்கும். "கீதாரி வீட்டுக் கஞ்சியத் தின்னு தின்னு நீயும் ஆடு மேய்க்கத்தான் போற" என்று ஒரு வசவு, அவ்வளவுதான். தடுத்ததில்லை.

அந்த வருசம் தை மாதம் ஒரு மழை பெய்தது. அறுவடை நேரத்தில் வரக் கூடாத மழை, மூன்று நாள் விடாமல் கொட்டியது. எங்கள் வரகில் முக்கால்வாசி அடித்து முடிந்து வீட்டுக் குலுக்கைக்குள் போய்விட்டது. ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த குலுக்கை, வாயைச் சாணி போட்டு மெழுகி அடைத்தாயிற்று. மிச்சம் களத்தில் கதிராகக் கிடந்து நனைந்தது. நனைந்து, குமைந்து, பூஞ்சை வாடை வந்த பிறகு அடித்து இரண்டு சாக்கில் கட்டி வந்தார்கள். பங்குனி பிறந்த பிறகுதான் அம்மா அதை முற்றத்தில் பரப்பி வெயிலில் காயப் போட்டாள்.

எங்கள் செவலைக் கோழி அதைக் கொத்தித் தின்றது. நான் படியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோழி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தது. வட்டம் சுற்றியது. தலையைத் தூக்கப் பார்த்தது, கழுத்து நிற்கவில்லை, தொப்பென்று விழுந்து இறக்கையை அடித்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அம்மா, கோழிக்கு கள்ளு ஊத்துனியா?" என்று கேட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. மற்ற கோழிகளை விரட்டினாள். விளக்குமாற்றை எடுத்து வரகு முழுவதையும் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டினாள். "நனஞ்ச வரகுல்லா, தின்னா கிறுக்கு ஏறும்" என்று சொல்லிக்கொண்டே சாக்கைத் தொழுவத்துப் பக்கம் தனியாகக் கொண்டு போய் வைத்தாள். எங்கள் வீட்டில் உள்ளே பேசுவது தெலுங்கு, நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். கோழி மறுநாள் எழுந்து நடந்தது.

இதற்குப் பிறகு இரண்டாம் நாள் சாயங்காலம் கீதாரி மகள் கடகத்தோடு வந்தாள். அம்மா குலுக்கையைத் திறக்கவில்லை. தொழுவத்துப் பக்கம் போய் அந்தச் சாக்கை அவிழ்த்து அதிலிருந்து அளந்து போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கோழி நினைவுக்கு வந்தது. ஆனால் அம்மா போடுகிறாளே, அம்மாவுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப் போக வந்து வாசலில் நின்றாள். கையில் தூக்குவாளி. அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனைக் கட்டி முடித்தவள் என் தோளை அழுத்திப் பிடித்தாள். வாசலில் நிற்பவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் புரியட்டும் என்று தெலுங்கில் சொன்னாள்: "ஈ பொத்து ஆ கஞ்சி தினொத்து."

இன்றைக்கு அந்தக் கஞ்சியைத் தின்னாதே.

தன் பிள்ளை தின்னக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. வாளியை வைத்துக்கொண்டு நிற்கிறவளும் ஒரு பிள்ளை, அவள் தின்பாள் என்றும் தெரிந்திருக்கிறது. நாலு எட்டு நடந்து வாசலுக்குப் போய் அந்த வாளியை வாங்கிக் கவிழ்க்க என்ன கேடு?

நான் நல்ல பிள்ளை, சொன்ன பேச்சுக் கேட்டேன். மதியம் உடைமரத்தடியில் எனக்கு வயிற்று வலி என்று பொய் சொன்னேன். அவள் மூடியில் ஊற்றி நீட்டிய கஞ்சியை அந்தப் பக்கம் தள்ளினேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை, முந்தின நாள் நினைத்த கோழியோடு அதைச் சேர்த்துப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர் வரப்போகிறாரோ, வாயில் வாடை அடிக்கக் கூடாது என்று சொன்னாளோ என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் சோற்றையும் தொடவில்லை. மூடியில் ஊற்றியதை மடமடவென்று குடித்தாள். மறுபடி ஊற்றினாள், குடித்தாள். எனக்கு உரிய பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு வாளியைக் கட்டினாள்.

மதியம் இரண்டாவது மணிக்குக் கணக்கு. பரப்பளவுக் கணக்கு ஒன்றைப் போட அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார் பெரிய வாத்தியார். எழுந்து நடந்தாள். நடை கோணலாகப் போனது. சாக்குக்கட்டியை எடுத்தவள் கோட்டை இழுக்க முடியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்து சொருகியது. "சார், எல்லாஞ் சுத்துது சார்" என்றாள், நாக்குக் குழறியது. அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

முதலில் பயந்தீர்கள், அப்புறம் சிரித்தீர்கள். பெயர் சொல்லமாட்டேன், யார் யார் என்று எனக்குத் தெரியும். பங்குனி மாதம், பனையில் கள் இறங்குகிற நேரம், எல்லோருக்கும் அந்த நினைப்புதான். பெரிய வாத்தியார் அவள் பெஞ்சுக்கு அடியிலிருந்து தூக்குவாளியை எடுத்தார். கயிற்றை அவிழ்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டு போய் மோந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"கள்ளு நாத்தம். கஞ்சியில கள்ள ஊத்தி அனுப்பியிருக்கான்" என்றார்.

ஆட்டுத்தயிர் ஐயா அது! ஆட்டுத்தயிரை வாழ்நாளில் வாயில் வைக்காத மனிதர் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அவருக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் தினமும் மதியச் சாப்பாடு போகும், பசுந்தயிரோடு.

"ஓடுலே, கீதாரியக் கூட்டிட்டு வா" என்று ஒருவரை அனுப்பினார். ஓடியது நீங்கள்தான் மண்டிக்காரரே. வாய்க்கால் கரையில் கீதாரியைக் கண்டுபிடித்து அழைத்து வந்தீர்கள். அவரும் அதே கஞ்சியைக் காலையில் குடித்திருந்தார். தெரு முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏலே, கீதாரி தள்ளாடுதாருடோய்" என்று நீங்கள் முன்னால் கத்திக்கொண்டு வந்ததும், பின்னால் ஊர்ச் சனம் வந்ததும் எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. உங்களுக்கு அப்போது பதிமூன்று வயது. அதை நான் மன்னிப்பேன். போன மாதம் போட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கீதாரி வகுப்பு வாசலில் நின்று உள்ளே பார்த்தார். மகள் வாந்தியில் கிடக்கிறாள்.

"எம் புள்ளைக்கு... என்ன செஞ்சீங்க?" என்றார். சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"நீ என்னத்தலே செஞ்ச? பொட்டப்புள்ளைக்குக் கள்ளக் குடுத்து பள்ளிக்கொடத்துக்கு அனுப்புத, வெக்கமா இல்ல?" என்றார் பெரிய வாத்தியார்.

"சாமி சத்தியமா தொடல சார். எங்க கொலசாமி மேல ஆணை. கஞ்சிதான் குடிச்சோம். வெறுங் கஞ்சிதான்." நேராக நிற்கப் பார்த்தார், முடியவில்லை. வாசல்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. அவள் தரையில் கிடந்தபடியே தன் அய்யாவைப் பார்த்தாள். அவர் சொல்வதை அவளும் நம்பவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தார் பெரிய வாத்தியார். பரீட்சை போயிற்று, விடுதி இடமும் போயிற்று. நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோழி தள்ளாடியது அப்போது எனக்கு மறுபடி நினைவுக்கு வந்துவிட்டது. "சார்" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும்.

மணி அடித்ததும் அவளுடைய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடியில் இரண்டு கை அளவு கஞ்சி மிச்சம் இருந்தது.

"அம்மா, அவ நம்ம கோழி மாதிரியே ஆடுனாம்மா" என்றேன்.

அம்மா என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள். மாடு கழுநீர் குடிக்கிற குளுதாடியில் ஊற்றப் போகிறாள் என்று நினைத்தேன், மிச்சக் கஞ்சி எங்கள் வீட்டில் மாட்டுக்குத்தான். ஊற்றவில்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, அதைக் காலால் எட்டித் தள்ளினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், எருக்குழியில் ஒரு முழம் தோண்டி, கஞ்சியை அதில் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினாள். சாக்கில் இருந்த வரகையும் அதே குழியில் கொட்டினாள். மாட்டுக்கு ஆகாது, நாய்க்கு ஆகாது, கோழிக்கு ஆகாது. கீதாரிக்கு மட்டும் ஆகும்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு. உங்களுக்குத் தெரியும், கரிசக்காட்டில் அப்போது நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், இல்லையென்றால் விருந்தாளி. அன்று ஒன்றுமே இல்லை. அம்மா எனக்கு மட்டும் தட்டில் வெள்ளையாகப் போட்டு, நெய்யை வழிய விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோழி கீழின்னு வெளிய போய் உளறக் கூடாது. ஒங்க நைனா பேரு கெட்டுப் போவும். என்ன?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். தின்றேன். இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு விவரம் ஏது என்று சொல்லாதீர்கள். எனக்கு விவரம் இருந்தது. சோறும் ருசியாக இருந்தது.

ஊர்க்கூட்டத்தில் குடிகாரன் கிடை நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். என் நைனாதான் அதைச் சொன்னார். அவருக்கு உண்மை தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் விடியுமுன் மந்தை கிழக்கே போய்விட்டது. புஞ்சையில் அடுப்புக் கல் மூன்றும் சாம்பலும் கிடந்தன. நான் பரீட்சை எழுதி, கோவில்பட்டியில் படித்து, சர்க்கார் வேலை பார்த்து, இன்று ஓய்வூதியம் வாங்குகிறேன்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டேன். உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்துதானே அந்த வரகை அளந்தாய் என்றேன். மறுக்கவில்லை.

"ரெண்டு தண்ணி கழுவுனா போயிரும்னு நெனச்சேன். அவிய காட்டுல கெடக்குற ஆளுக, அவிய ஒடம்பு தாங்கும். நம்ம ஒடம்பா?" என்றாள்.

கொஞ்சம் கழித்து, "குலுக்கையில இருந்தது நமக்கு ஆடி வரைக்கும் வேணும்லா" என்றாள்.

அவ்வளவுதான். கெட்ட மனசுக்காரி இல்லை என் அம்மா. ஊரில் பிரசவம் என்றால் முதல் ஆளாக ஓடுவாள். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது. அவிய உடம்பு தாங்கும் என்ற அந்த நினைப்பை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதே இல்லை. சாகும்வரை சந்தேகப்படவில்லை.

படத்துக்குக் கீழே நீங்கள் போட்ட பொம்மைகளைப் பார்த்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கீதாரி மகளைத் தேடினேன். ரோட்டோரம் ஆடு மேய்க்கிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டேன். நாகலாபுரம் பக்கம் ஒருவர், விளாத்திகுளம் பஸ் நிலையத்தில் ஒருவர் என்று விசாரித்து, கடைசியில் எப்போதும்வென்றான் ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்தது. போன வாரம் பஸ் ஏறிப் போனேன்.

ஓட்டு வீட்டு முன்னால் வேப்பங்குழையை ஒடித்து வெள்ளாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, நீயா?" என்றாள்.

உள்ளே கூட்டிப் போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மகள் வீடு, மருமகன் லாரி ஓட்டுகிறாராம். பேரன் கணக்கில் புலி என்றாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, தொழுவத்துச் சாக்கு, எருக்குழி, நெய்ச்சோறு. ஒன்றையும் விடவில்லை.

"ஒங்கம்மா அன்னைக்கு வாசல்ல வச்சு ஒண்ணு சொன்னாவல்லா" என்றாள் கடைசியில். "ஈ பொத்து ஆ கஞ்சி தினொத்துன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்படி..."

"வருசா வருசம் ஒங்க புஞ்சையில கெடந்தோம், ஒங்க பாஷ தெரியாமயா இருக்கும்? எனக்கு அப்பவே வெளங்கிச்சு. ஆனா நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். பெரிய பள்ளிக்கொடத்துக்குப் போற புள்ளைக்கு இனி கீதாரி வீட்டுக் கஞ்சி ஆகாதாக்கும்னு. நீயும் மூடிய அந்தப் பக்கம் தள்ளுன. எனக்கு வந்த ஆங்காரத்துல ஒம் பங்கையும் சேத்துத் தின்னேன்." காப்பி டம்ளரை எடுத்து ஓரமாகக் கவிழ்த்தாள். "இன்னைக்குத் தின்னாதன்னுதான் சொன்னாவ. இன்னைக்கு மட்டும். அத நான் யோசிக்கலியேட்டி."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட அழாத. நான் நடந்துட்டேன், பொழச்சுட்டேன். எங்க அய்யாவ என்ன செய்ய?" என்றாள். குரல் உயர்ந்தது. "அவரு ஒவ்வொரு சாமி பேரா சொல்லி சத்தியம் பண்ணுனாரு. நான் நம்பல. கஞ்சி காச்சுனது அவருதான, வேற யாரு ஊத்தியிருப்பான்னு நெனச்சேன். எம் படிப்பக் கெடுத்த குடிகாரப்பயன்னு மொகத்துக்கு நேராச் சொன்னேன். அப்புறம் அவரு அதப் பத்திப் பேசுறதையே விட்டுட்டாரு. சாகக் கெடக்கும்போது தொண்ட வறண்டு ஒரு மடக்குத் தண்ணி கேட்டாரு. கள்ளு வேணுமான்னு கேட்டேன்ட்டி நான். சிரிச்சுக்கிட்டுதான் கேட்டேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் தண்ணி கேக்கவே இல்ல."

வெளியில் ஆடு கத்தியது. அவள் எழுந்து போய்க் குழையைப் போட்டுவிட்டு வந்தாள்.

மண்டபத்துக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி, வா, நான் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"நான் வரல. அந்த மொகங்கள எனக்குப் பாக்க வேண்டாம். நீ போ. ஊரு கூடித்தான அன்னைக்குச் சொன்னாவ? இன்னைக்கும் கூடுத எடத்துல வச்சுச் சொல்லு. எங்கிட்ட வந்து காதுல சொல்லிட்டுப் போனா ஆச்சா?" என்றாள். பஸ் ஏற்றிவிட வரவில்லை.

விருந்துப் பட்டியலையும் குழுவில் பார்த்தேன். பாரம்பரியச் சாப்பாடாம். வரகுப் பொங்கல், கம்மங்கூழ், மண்சட்டித் தயிர். அன்றைக்கு வரகு தின்றவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இன்றைக்கு வாழை இலையில் வரகு. எனக்கு இலை போட வேண்டாம். நான் வாசித்துவிட்டுப் போய்விடுவேன்.

வாசிக்கப் போவது இதுதான். அந்த வரகு மயக்கும் என்று தெரிந்தே அளந்தது என் அம்மா. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நெய்ச்சோறு தின்றது நான். மண்டிக்காரரே, அந்தப் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதை அழித்துவிடுங்கள். அழித்த இடத்தில் இதை எழுதுங்கள்: கீதாரி குடிக்கவில்லை.